கால்வாயில் கரையாத உப்பு

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். வேறு யாராவது இதை எழுதியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். கண்ணூறு, நாவூறு, சூனியம் என்று எதையும் நான் நம்பியதே இல்லை. ஊரில் அம்மா வெள்ளிக்கிழமைகளில் செத்தல் மிளகாயை அடுப்பில் போடும்போது இருமலைத் தவிர இதில் வேறொன்றும் வரவில்லை என்று பகிடி பண்ணியவள் நான். லண்டனுக்கு வந்து படித்து, சட்டனில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக வேலை செய்கிறேன். எந்த மருந்து எவ்வளவு, எது தண்ணீரில் கரையும், எது கரையாது, இதுதான் என் தொழில். அதனால்தான் அந்த உப்பை என்னால் மறக்க முடியவில்லை.

என் மகள் இனியாவுக்கு அப்போது பத்தரை மாதம். திடீரென்று சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். குறைத்தாள் என்றில்லை, நிறுத்திவிட்டாள். கரண்டியைக் கண்டதும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைத் திருப்புவாள், மாலையானால் மூன்று மணி நேரம் விடாமல் அழுவாள், கொஞ்சம் பால் மட்டும்தான் இறங்கும். பிள்ளைகளின் நிறையைக் குறிக்கும் சிவப்புப் புத்தகத்தில் அவளுடைய புள்ளிகள் ஒரு கோட்டிலிருந்து கீழே இருக்கும் கோட்டுக்கு இறங்கின, பிறகு அதற்கும் கீழே. டொக்டர் எல்லாம் நோர்மல் என்றார். வீட்டுக்கு வந்து பார்க்கும் தாதியும் அதையே சொன்னார். நான் அவர்கள் தந்த தாளில் இருந்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்தேன். ஒரு வயதுக்குள் உப்புப் போடக்கூடாது என்று இருந்தது, போடவில்லை.

அந்த உப்பில்தான் என் கணவர் ரமணனின் அக்காவுக்கும் எனக்கும் தொடங்கியது. அவர் பெயர் சுபா, நான் மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன். லண்டனின் மறுகோடியில், அல்பேட்டனில் இருக்கிறார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம், பிள்ளை இல்லை. இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் இதைத்தான் நான் அவருக்கு எதிராகக் கணக்கில் எடுத்தேன். ஒருநாள் வீட்டுக்கு வந்தவர் இனியாவின் கிண்ணத்தில் விரலை வைத்து நக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஒரு கல்லு உப்பு இல்லை. இதை நீர் தின்னுவீரோ?”

“ஒரு வயசு மட்டும் போடக்கூடாது, மச்சாள்.”

“பேப்பரைப் பாத்துப் பிள்ளை வளக்கிறீர்.” பிறகு இனியாவைத் தூக்கி முகத்தோடு முகம் வைத்துக்கொண்டு, “என்ன வடிவான கண் என்ரை குஞ்சுக்கு. தர்சினி, இவளை எனக்குத் தாருமன். நான் சாப்பாடு குடுத்துக் காட்டுறன்” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த நாள் காலையிலிருந்துதான் இனியா சாப்பிடவில்லை. இரண்டு விஷயம் அடுத்தடுத்து நடந்தால் ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது என்று எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனால் ஆறு கிழமையாக, ஒன்றரை மாதமாகப் பிள்ளை மெலிவதைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அந்தப் பரீட்சை ஞாபகம் வராது.

அம்மாவிடம் போனில் அழுதேன். உப்பு, கடுகு, செத்தல் மிளகாய் எடுத்துப் பிள்ளையைச் சுற்றி எரிக்கச் சொன்னார். எரித்தேன். மிளகாய்ப் புகைக்கு எங்கள் ஃப்ளாட்டின் புகை அலாரம் அடித்து, அது கட்டடம் முழுக்க அடித்து, மேல்மாடிப் பெண் தலையில் துவாயோடு கார் பார்க்கில் வந்து நின்றாள். டோஸ்டரில் பாண் கருகிவிட்டது என்று பொய் சொன்னேன். அம்மா அதைக் கேட்டுவிட்டு, “எரிக்க ஏலாட்டி ஓடுற தண்ணியிலை போடு. போட்டிட்டுத் திரும்பிப் பாக்காதை. ஆரின்ரை கண்ணெண்டு தெரிஞ்சாலும் பேர் சொல்லாதை. பொதுவாச் சொல்லு, விளங்குதோ?” என்றார்.

“சொன்னால் என்ன?”

“பேர் சொன்னால் அது கண்ணூறு கழிக்கிறது இல்லை. அது வேறை.”

வேறு என்ன என்று கேட்டதற்கு, அதெல்லாம் உனக்குத் தேவையில்லை என்று பேச்சை மாற்றிவிட்டார்.

இனியாவின் முதலாவது பிறந்தநாளுக்குப் படகுப் பயணம் என்பது மச்சாளின் யோசனைதான். மண்டபம் எடுத்து ஊரைக் கூட்ட வேண்டாம், நாங்கள் ஐந்து பேரும் ஒரு நாரோபோட்டை நாள் வாடகைக்கு எடுத்து அல்பேட்டனிலிருந்து கால்வாய் வழியாக நகரத்துக்குள் போய் வருவோம், பிள்ளைக்கும் காற்றுப் படும், சாப்பிடவும் செய்வாள் என்றார். நாரோபோட் என்பது ஒரு பஸ்ஸைப் பக்கவாட்டில் நசுக்கி நீளமாக்கியது மாதிரி. கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் எட்டும், நடக்கிற வேகத்தில்தான் போகும். மச்சாளின் கணவர் சிவம் அண்ணை கராஜ் வைத்திருப்பவர், எந்த எஞ்சினையும் கண்டால் பயமில்லாதவர், அவர் பின்னால் நின்று சுக்கான் பிடிப்பதாக ஏற்பாடு. எனக்குப் பிள்ளையைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே விருப்பமில்லை. ஆனால் தண்ணீர் என்றதும் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. அதனால் சரி என்றேன்.

அன்று காலை சட்டனில் வீட்டிலேயே இனியாவின் தலையை மூன்று தரம் சுற்றினேன். கல்லுப்பு, கடுகு, ஏழு செத்தல் மிளகாய். கட்டுவதற்குத் துணி வேண்டும். வீட்டில் எத்தனையோ பழந்துணி இருந்தது. நான் மச்சாள் பிள்ளைக்கு வாங்கித் தந்த மஞ்சள் பூச்சட்டையை எடுத்து, அதன் கீழ்ப்பக்கத்தைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். ஏன் என்று கேட்காதீர்கள். ஓரம் பிசிறாமல் நேராக வெட்டி, எல்லாவற்றையும் அதில் வைத்து இறுக முடிச்சுப் போட்டேன்.

பத்து மணிக்குப் படகு புறப்பட்டது. மற்றவர்கள் பின்பக்கத்தில் சிவம் அண்ணை சுக்கான் பிடிப்பதைப் பகிடி பண்ணிக்கொண்டு நின்றார்கள். நான் முன்பக்கத்துக்கு வந்து அந்த முடிச்சைக் கோட் பையிலிருந்து எடுத்தேன். அம்மா சொல்லித் தந்ததைத்தான் சொல்லத் தொடங்கினேன், பார்த்த கண், வந்த கண், போன கண் என்று. கடைசியில் அது போதாமல் இருந்தது. பின்னாலிருந்து மச்சாளின் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் மெதுவாக, எனக்கே சரியாகக் கேட்காத குரலில், “சுபாவின்ரை கண் இதோடை போகட்டும்” என்று சொல்லித் தண்ணீரில் விட்டேன். அது உடனே அமிழ்ந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பயத்தில் செய்தேன் என்று சொன்னால் பொய். ஆசையாகச் செய்தேன். ஆறு கிழமைக்குப் பிறகு அப்போதுதான் முழுதாக ஒரு மூச்சு எடுத்தேன்.

கொஞ்சத் தூரத்தில் கால்வாய் ஒரு பாலமாகி நோர்த் சேர்க்குலர் வீதிக்கு மேலாகப் போகிறது. கீழே கார்கள் அசையாமல் நிற்க, மேலே நாங்கள் தண்ணீரில் போனோம். ரமணன் இனியாவைத் தூக்கிக் காட்டினார். “லண்டன் முழுக்க ட்ராஃபிக், எங்களுக்கு மட்டும்தான் பச்சை லைற்” என்றார் சிவம் அண்ணை. நானும் சிரித்துக்கொண்டு, ஏதாவது பேச வேண்டுமே என்று, “அண்ணை, இந்தத் தண்ணி கடைசியா எங்கை போய்ச் சேருது?” என்று கேட்டேன்.

“போறதோ? இது போகாது தங்கச்சி. இது ஆறில்லை, மனுசர் வெட்டினது. மட்டம் பாத்து வெட்டி நிரப்பி வைச்சிருக்கிறாங்கள், அப்பிடியே நிக்கும். இண்டைக்கு ஒரு போத்தலைப் போட்டால் நாளைக்கும் அதிலைதான் கிடக்கும்.”

ஓடுகிற தண்ணீர் என்றுதான் அம்மா சொன்னார். கரையில் நின்று பார்த்தால் அசைகிற மாதிரித்தான் தெரியும், படகுகள் போகும், வாத்துகள் போகும், நான் ஓடுகிறது என்றே நினைத்துவிட்டேன். ஊரில் யாருக்கும் இந்தப் பிழை வந்திருக்காது, அங்கே குளம் எது, ஆறு எது என்று தெரியும். பரவாயில்லை, உப்புக் கரைந்திருக்கும், மிளகாய் எங்காவது சேற்றில் கிடக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் திரும்பிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. பார்க்கக்கூடாது என்றும் இருந்தது. நான் நம்பாதவள்தானே, பார்த்தால் என்ன என்றும் இருந்தது. பார்க்கவில்லை.

கென்சல் கிரீன் வந்தது. ஒரு பக்கம் மயானத்தின் நீண்ட மதில். அந்த இடத்தில் எஞ்சின் முனகத் தொடங்கியது, படகு இழுபட்டது, பின்னால் கறுப்புப் புகை. ப்ரொப்பெல்லரில் ஏதோ சுற்றிவிட்டது என்று சிவம் அண்ணை கரையோரம் கட்டி, எஞ்சினை நிறுத்தி, திறப்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். இந்தப் படகுகளின் பின்பக்கத் தரையில் ஒரு மூடி இருக்கிறது, அதைத் திறந்து கையை விட்டால் தண்ணீருக்குள் ப்ரொப்பெல்லரைத் தொடலாம். அவர் தோள்வரை கையை விட்டுத் துழாவினார். பிளாஸ்டிக் பைதான் வழக்கமாக வருமாம்.

வந்தது மஞ்சள் துணி முடிச்சு.

நம்பினால் நம்புங்கள். ஒன்றரை மணி நேரம், நான்கு மைல். ப்ரொப்பெல்லர் கயிற்றையே நார் நாராக்கிவிடும் என்று படகு தந்தவர் காலையில்தான் எச்சரித்திருந்தார். முடிச்சு நான் போட்டபடியே இருந்தது. ஒரு நூல் பிரியவில்லை. அண்ணையின் கை முழுக்க எண்ணெய், அதனால் அதை மச்சாளிடம் நீட்டினார். மச்சாள் மடியில் வைத்து அவிழ்த்தார். வெளியே சொட்டச் சொட்ட ஈரம், உள்ளே ஏழு மிளகாய் சருகு மாதிரி. உப்பு பொலபொலவென்று காய்ந்து கிடந்தது. அவர் விரலால் கிண்டியபோது கல்லோடு கல் உரசுகிற சத்தம் எனக்குக் கேட்டது. உப்பு தண்ணீரில் கரைய ஒரு நிமிடம்கூட வேண்டாம்.

“பொலித்தீனிலை சுத்தியிருக்கோ?” என்று அண்ணை கேட்டார்.

“இல்லை. வெறும் சீலைத் துண்டு.” மச்சாள் துணியின் ஓரத்தைப் பிடித்து, அதிலிருந்த சின்ன வெள்ளைப் பூவைப் பெருவிரலால் தேய்த்தார். மெதுவாக, திரும்பத் திரும்ப. கடை கடையாக ஏறி அந்தச் சட்டையைத் தேர்ந்தெடுத்தவர் அவர். பிறகு மறுபடி முடிச்சுப் போட்டுத் தன் கைப்பைக்குள் வைத்தார்.

ரமணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “என்னக்கா, அந்தக் குப்பையைப் போய் பைக்குள்ளை வைக்கிறியள். எறியுங்கோ.”

“தண்ணிக்குள்ளை குப்பை போடக் கூடாது தம்பி. போட்டவைக்குத்தான் அறிவில்லை.”

என்னைப் பார்க்காமலே சொன்னார். பிறகு எஞ்சினை முடுக்கி லிட்டில் வெனிஸ் வந்து சேர்ந்தோம். அங்கே வெள்ளை வீடுகளும் பூச்சட்டி வைத்த படகுகளும் வெயிலும், எல்லோரும் எங்களுக்குக் கை காட்டினார்கள். நானும் காட்டினேன்.

அதைத் தாண்டினால் மைடா ஹில் சுரங்கம். ஐந்து நிமிடத்துக்குள் போய்விடலாம். மறு பக்க வெளிச்சம் தூரத்தில் ஒரு காசு அளவில் தெரியும். சிவம் அண்ணையும் ரமணனும் பின்னால். முன்பக்கத்தில் மச்சாள், அவருக்கு எதிரே இனியாவை மடியில் வைத்தபடி நான். உள்ளே போனதும் எஞ்சின் சத்தம் சுவரில் மோதிக் காதை அடைத்தது. மேலிருந்து தண்ணீர் சொட்டியது. பாதி வழியில் எஞ்சின் சத்தம் தள்ளிப் போனது மாதிரி இருந்தது. நின்றுவிடவில்லை, பக்கத்து அறையில் ஓடுவது போல. அந்த இடைவெளியில் முன்னால் தண்ணீர் மட்டத்திலிருந்து ஒரு பெண் முணுமுணுப்பது கேட்டது. பார்த்த கண், வந்த கண், போன கண்.

என் குரல். என் யாழ்ப்பாணத் தமிழ், காலைக் குளிரில் மூக்கடைத்திருந்த என் மூச்சு. காலையில் எனக்கே சரியாகக் கேட்காத அளவுக்குத்தான் சொன்னேன். இங்கே ஒவ்வொரு சொல்லும் சுவரிலிருந்து சுவருக்குத் தெளிவாக வந்தது. நான் இனியாவின் காதைப் பொத்தினேன். மச்சாளின் காதை எப்படிப் பொத்துவது. கடைசி வரியும் வந்தது, பெயரோடு. எதிரே இருட்டில் மச்சாள் ஒரு கையை உயர்த்தி இடது கண்ணை மூடிக்கொண்டது படகு விளக்கின் வெளிச்சத்தில் தெரிந்தது.

வெளியே வந்தோம். ரமணனும் அண்ணையும் எஞ்சின் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அண்ணை முன்னால் எட்டிப் பார்த்து, “என்னப்பா, கண் செக்கச் செவேலெண்டு இருக்கு” என்றார். மச்சாளின் இடது கண்ணில் வெள்ளை என்று ஒன்றே இல்லை. முழுக்க இரத்தம்.

“சுரங்கத்துக்குள்ளை என்னவோ விழுந்திட்டுது” என்றார் மச்சாள். பிறகு என்னிடம் கையை நீட்டினார். “பிள்ளையைத் தாரும்.”

கொடுத்தேன். வேறு என்ன செய்திருப்பேன் என்று நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். மச்சாள் என் பையிலிருந்த சோற்றுக் கிண்ணத்தை எடுத்தார். அவருடைய மற்றக் கை ஒரு கணம் தன் கைப்பைக்குள் போய் வந்தது. அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை, பிறகு நினைத்துப் பார்க்கையில்தான் தெரிகிறது. இனியா அந்தச் சிவந்த கண்ணைப் பார்த்தாள். பயந்து அழுவாள் என்று நினைத்தேன். வாயைத் திறந்தாள். ஒரு வாய், இரண்டு வாய், கிண்ணம் முழுவதும் காலியானது. ரமணன் அழுதுவிட்டார். “அக்கா, உங்கடை கை ராசி” என்றார்.

“நான் அண்டைக்கே கேட்டனான். தரேல்லை.” மச்சாள் இனியாவின் வாயைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தார். “இப்ப தந்திட்டா.”

கண் ஆஸ்பத்திரியில், கண்ணுக்குப் பின்னால் ஒரு இரத்தக் குழாய் அடைத்துவிட்டது, யாருக்கும் வரலாம் என்றார்கள். இடது கண்ணில் பார்வை திரும்பவில்லை. நான் ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கட்டிலருகே உட்கார்ந்து, “மச்சாள், அண்டைக்கு…” என்று தொடங்கினேன். அவர் ஒரு பழத்தை எடுத்து உரிக்கத் தொடங்கி, “பிள்ளை சாப்பிட்டவளோ?” என்று கேட்டார். இல்லை என்றேன். அதுதான் உண்மை. படகிலிருந்து இறங்கிய பிறகு என் கையால் ஒரு பருக்கை அவள் வாங்கவில்லை. “அப்ப கூட்டிக்கொண்டு வாரும்” என்றார். அவ்வளவுதான்.

இனியாவுக்கு இப்போது இரண்டரை வயது. நாங்கள் சட்டனை விட்டு அல்பேட்டனுக்கு வந்துவிட்டோம், மச்சாளின் வீட்டுக்கு அடுத்த தெரு. வேலைக்கு ஒன்றேகால் மணி நேரம் போகிறேன். இனியா மச்சாளின் கையால் மட்டும்தான் சாப்பிடுகிறாள். நேர்சரியில் மதியச் சாப்பாட்டைத் தொடுவதில்லை. சிவப்புப் புத்தகத்தில் அவளுடைய புள்ளிகள் மேலே ஏறிவிட்டன, நடுக்கோட்டையும் தாண்டி. தாதி என்னைப் பாராட்டினார். உப்பில்லாத சோறு பிள்ளைக்குப் பிடிக்கவில்லை, அக்கா உப்புப் போட்டார், சாப்பிட்டாள், இதில் என்ன அதிசயம் என்கிறார் ரமணன். இருக்கலாம். எனக்கும் அப்படி நினைக்கத்தான் விருப்பம்.

ஆனால் அந்த நாளிலிருந்து எனக்கு உப்புச் சுவை தெரிவதில்லை. இனிப்பு, புளிப்பு, உறைப்பு எல்லாம் தெரிகிறது. உப்பு மட்டும் இல்லை. காய்ச்சலுக்குப் பிறகு அப்படி வரும் என்றார் டொக்டர். எனக்குக் காய்ச்சல் வரவில்லை.

மச்சாள் தினமும் மாலை ஆறு மணிக்கு வருகிறார். நான் சமைத்து வைத்ததைக் கிண்ணத்தில் போட்டுக் கொடுப்பேன். அவர் கைப்பையைத் திறந்து அந்த மஞ்சள் முடிச்சை எடுப்பார். ஒன்றரை வருடமாக ஒவ்வொரு நாளும் அதிலிருந்துதான் எடுக்கிறார், அது சிறுத்ததாகத் தெரியவில்லை. இந்த நாட்டு ஈரத்தில் என் உப்புப் போத்தல் கட்டி கட்டியாக உறைந்து கிடக்கிறது, அவருடையது விரலிடுக்கிலிருந்து மணல் மாதிரி உதிர்கிறது. ஒரு சிட்டிகை எடுத்து இனியாவின் தலையை மூன்று தரம் சுற்றிச் சோற்றில் போடுவார். அது என்ன உப்பு என்று நான் கேட்கலாம். கேட்டால் அது யார் கட்டிய முடிச்சு என்று ரமணனுக்கு முன்னால் நான் சொல்ல வேண்டி வரும். அவர் கையைத் தட்டிவிடலாம். தட்டிவிட்டால் பிள்ளை பட்டினி.

அதனால் குசினி வாசலில் நிற்கிறேன். சுற்றும்போது மச்சாளின் உதடு அசையும். சத்தம் வராது. ஆனால் எந்தச் சொல்லுக்குப் பிறகு எந்தச் சொல் என்று எனக்குத் தெரியும், நான் சொன்னதுதானே. பெயர் வருகிற இடத்தில் அவர் நிமிர்ந்து, அந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்ப்பார்.

இனியா வாயைத் திறப்பாள்.